கௌரவ ஆலோசகர்

என் வீட்டுக்காரரை வேலையை விட்டு நீக்கிய அன்று அவருக்குப் பட்டுச் சால்வை போட்டார்கள். ரோஜா மாலை போட்டார்கள். எனக்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்கைக் கொடுத்தார்கள். சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. மேடையின் பின்பக்கம் முழுக்க அவர் படம் போட்ட பேனர். சாப்பாட்டில் இரண்டு இனிப்பு. வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு விஷயம் தெரியும். எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோதே புரிந்துவிட்டது. புரியாமல் போனது அவர் ஒருவருக்குத்தான்.

நான் கடலூரில் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவள். மாலை, சால்வை, குத்துவிளக்கு மூன்றும் ஒன்றாக வந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே பியூனுக்குக்கூடத் தெரியும். ரிட்டையர் ஆகிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கிற செட் அது. என் வீட்டுக்காரருக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அவர் முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தார். 2004இல் கடலூர்க்காரர்களும் சிதம்பரத்துக்காரர்களும் சேர்ந்து ஒரு கூடைப்பந்து கிளப் ஆரம்பித்தார்கள். தலைவர் பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்திருந்தவர். காலேஜில் படிக்கும்போது கொஞ்சநாள் ஆடினாராம், அந்த ஆசை விடவில்லை. சும்மா சாயங்காலம் வந்து போகிற கோச் வேண்டாம், முழுநேரமும் சம்பளத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று இவரை வந்து கேட்டார்கள். இவர் பள்ளிக்கூட வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

"பென்ஷன் வர்ற வேலைய வுட்டுட்டு பந்து பொறுக்கப் போறீங்களா?" என்று கத்தினேன்.

"அங்க கையத் தூக்கு, கைய இறக்குன்னு சொல்லிக்கினு இருக்கேன். இங்க ஒரு டீம் இருக்கு," என்றார். அவ்வளவுதான் பதில். வீட்டில் அவர் பேசுவதே மழை பெய்கிற மாதிரி எப்போதோதான். கோர்ட்டில் போய் நின்றால் மட்டும் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

டீம் என்று சொன்னாரே ஒழிய, அது இரண்டு டீம். பாதிப்பேர் கடலூர், பாதிப்பேர் சிதம்பரம். எல்லாரும் இருபதைத் தாண்டிய பையன்கள். சிலருக்கு வேலை இருந்தது, சிலர் தேடிக்கொண்டிருந்தார்கள். சிதம்பரத்துப் பையன்கள் கடலூர்ப் பையன்களை, அங்கே சென்ட்ரல் ஜெயில் இருப்பதால், 'ஜெயில் ஊர்க்காரன்' என்பார்கள். இவர்கள் பதிலுக்கு அவர்களை, கோயில் சோறு தின்கிறவன் என்று, 'உண்டக்கட்டி' என்பார்கள். விளையாட்டாகச் சொல்வது போலத்தான் இருக்கும், ஆனால் பந்து கையில் இருக்கும்போது தன் ஊர்க்காரன் எங்கே நிற்கிறான் என்றுதான் கண் தேடும். இதை முதல் வாரத்திலேயே இவர் பார்த்துவிட்டார்.

அவர் செய்தது ரொம்பச் சின்ன விஷயம். வேனில் ஒரு சீட்டுக்கு ஒரு கடலூர், ஒரு சிதம்பரம் என்றுதான் உட்கார வேண்டும். வெளியூரில் ரூம் எடுத்தாலும் அப்படியே. சாப்பாட்டுப் பந்தியிலும் அப்படியே. கடலூர்ப் பையன் பந்தைக் கோட்டை விட்டால் சிதம்பரத்துப் பையன் கோர்ட்டைச் சுற்றி ஓட வேண்டும். சிதம்பரத்துப் பையன் லேட்டாக வந்தால் கடலூர்ப் பையனுக்கு வசவு விழும். நியாயமே கிடையாது. நியாயம் கேட்டால் கேட்டவனும் சேர்ந்து ஓட வேண்டும்.

பையன்கள் அவரை வெறுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்கு நானும் புளிசாதம் கட்டிக்கொண்டு வேனில் போவேன். மகள் படிக்க வெளியூர் போன பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது? அவர் டிரைவர் பக்கத்தில் தூங்கிப் போனதும் பின்னால் ஆரம்பிக்கும். அவர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவார்கள், இடுப்பில் கை வைத்துக் கத்துகிற மாதிரி கத்திக் காட்டுவார்கள். ஒருத்தன் தொடங்கிவைப்பான், இன்னொருத்தன் முடிப்பான். சிதம்பரத்துக்காரன் தொடங்கினால் கடலூர்க்காரன் முடிப்பான். அவரைத் திட்டுகிற விஷயத்தில் மட்டும் இரண்டு ஊரும் ஒரே ஊர்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வூட்டுக்காரரு மனுஷனே கெடையாது," என்றான் ஒருநாள் கேப்டன். சிதம்பரத்துப் பையன் அவன், நல்ல உயரம்.

"கட்டிக்கினு குடும்பம் நடத்துற எனக்கே நீ சொல்லித் தர்றியா?" என்றேன். வேன் முழுக்கச் சிரிப்பு. முன்சீட்டில் அவர் அசையவில்லை. தூங்குகிற மாதிரி நடித்தார் என்று எனக்குத் தெரியும், கழுத்து விறைப்பாக இருந்தது. இறங்கிய பிறகு வீட்டில் கேட்டேன், "காதுல வுழுந்துச்சா?" என்று. "வுழணும்னுதான் தூங்குறேன்," என்றார்.

ஜெயித்தார்கள். முதலில் மாவட்டத்தில், பிறகு வெளி மாவட்டங்களில். சென்னையிலிருந்து ஷூவும் பையுமாகப் பந்தாவாக வந்து இறங்குகிற டீம்களை இந்தப் பையன்கள் கடலோரம் கிள்ளை பக்கம் காற்றடிக்கிற ஒரு சிமெண்ட் கோர்ட்டில் வைத்து ஓட ஓட விரட்டினார்கள். எனக்கு விளையாட்டு தெரியாது. ஆனால் பந்து கையிலிருந்து கைக்குப் போகும்போது யார் எந்த ஊர் என்று பிரித்துச் சொல்ல முடியாது, அதை மட்டும் கவனித்திருக்கிறேன். நான்கைந்து வருஷம் அப்படி ஓடியது. அவர் சிரித்து நான் பார்த்தது அந்த வருஷங்களில்தான்.

வினை ஒரு ஃபைனலில் வந்தது. சிதம்பரத்தில்தான். ஆட்டம் இழுபறியாகப் போய்க்கொண்டிருந்தது. இவர் டைம் அவுட் கேட்டுப் பையன்களைச் சுற்றி நிற்க வைத்துப் பேசுகிறார். அந்த ஒரு நிமிஷத்தில் பண்ருட்டித் தலைவர், சிறப்பு விருந்தினர் ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்துவிட்டார். விருந்தினர் அவசரமாகக் கிளம்ப வேண்டுமாம், பையன்களுக்குக் கைகொடுத்துவிட்டுப் போகட்டும் என்று. கேமராக்காரனும் கூடவே. என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, வெளிய நில்லுங்க," என்றார். தலைவர் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு அடி வைத்தார். "வெளியன்னு சொன்னேன்," என்றார் இவர். மொத்த கேலரிக்கும் கேட்டது. தலைவர் சால்வையும் கையுமாக அப்படியே பின்வாங்கிப் போனார்.

அன்றும் ஜெயித்தார்கள். ஜெயித்த போட்டோவில் தலைவர் ஓரத்தில் நிற்கிறார்.

அதற்குப் பிறகு கமிட்டியில் பேச்சு கிளம்பியது. டீம்தான் செட் ஆகிவிட்டதே, இனிமேல் யார் நின்றாலும் ஜெயிக்கும், இந்த ஆளின் கோபத்தை எதற்குச் சகித்துக்கொண்டிருக்க வேண்டும்? எங்கள் பக்கத்தில் நிலத்துக்குப் போர் போடுவார்கள். தண்ணீர் வந்துவிட்டால் போர் போட்டவனை யார் நினைக்கிறார்கள், சுவிட்சைத் தட்டினால் போதும். டீமையும் அப்படித்தான் நினைத்தார்கள். பையன்களையும் கூப்பிட்டுக் கேட்டார்களாம். பையன்கள் ஒரே குரலில், ஆமாம், வேறு கோச் வந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒற்றுமையை உண்டாக்கியது யார் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முடிவு எடுத்துவிட்டார்கள். ஆனால் அதை அவரிடம் சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை. ஒருவரை வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்வதை எங்கள் ஊரில் மரியாதைக்குறைவு என்று நினைப்பார்கள். எங்கள் ஆபீசிலும் அப்படித்தான், பிடிக்காத ஆளைப் புகழ்ந்து பேசியே ரெக்கார்டு ரூமுக்குத் தள்ளிவிடுவோம். கமிட்டியும் புகழ்ந்தது. பாராட்டு விழா வைத்தது. பேசியவர்கள் எல்லாரும் 'சார் இல்லையென்றால் இந்த டீமே இல்லை' என்றார்கள். கடைசியில் செயலாளர் மைக்கைப் பிடித்து, "இனிமே சார் நமக்கெல்லாம் கௌரவ ஆலோசகரா இருந்து வழிநடத்துவாரு," என்றார். கைதட்டல் ஓய்வதற்குள் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு இளைஞனை மேடைக்கு ஏற்றி, இவர்தான் புதிய கோச் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரரும் கழுத்தில் மாலையோடு கைதட்டினார். நான் குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லிவிட்டேன். மூடி மறைத்துப் பேச எனக்கு வராது.

"என்னங்க, உங்களத் தூக்கிட்டாங்க."

"ஆலோசகர் ஆக்கியிருக்காங்க."

"அதேதான் தூக்குறது."

"உனக்கு ஆபீஸ் புத்தி," என்றார். "எனக்கும் வயசாவுது. ஓடுறதுக்கு ஒரு பையன் வேணும். அவன் ஓடட்டும், நான் சொல்றேன். இது பிரமோஷன்."

அதற்குமேல் நான் எவ்வளவு சொல்லியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாலையை வீடு வரைக்கும் கழற்றவில்லை.

மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல எழுந்து, டீயைக் குடித்துவிட்டு, விசிலை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார். புதிய கோச் நல்ல பையன். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க சார்," என்று நாற்காலி போட்டிருக்கிறான். உள்ளுக்குள் என்ன நினைத்தானோ, தலைவருக்குப் போன் செய்து கேட்டிருக்கிறான். "கொஞ்ச நாள்ல அவரே புரிஞ்சுக்குவாரு, நீங்க கண்டுக்காதீங்க," என்று பதில். சம்பளக் கவரும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. நிறுத்தினால் ஏன் என்று யாராவது சொல்ல வேண்டுமே. நான் எப்போது பேச்சை எடுத்தாலும் அவர் அந்தக் கவரைத்தான் காட்டுவார். "வேலைய வுட்டு எடுத்தவனுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா? யோசிச்சுப் பேசு."

என்னால் தாங்க முடியவில்லை. ஊரே சிரிக்கும், ஒருநாள் எவனாவது கோர்ட்டில் வைத்து மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிடுவான், அதற்குள் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை பண்ருட்டிக்கு பஸ் ஏறினேன். தலைவர் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்து ஃபேனை என் பக்கம் திருப்பினார்.

"நீங்களே அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே," என்றேன். "வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. அவரு வேற எடம் பாத்துக்குவாரு. எத்தினியோ பேரு கூப்புடுறாங்க."

"எப்படிம்மா சொல்லுவேன்? அவர் மேல எனக்கு மரியாதை ஜாஸ்தி."

"அந்த மரியாதையாலதான் அவர சாவடிக்கிறீங்க."

அவர் முகம் கறுத்துப்போனது. கடைப் பையனைக் கூப்பிட்டு ஒரு பை நிறைய முந்திரிப் பருப்பு கட்டித் தரச் சொன்னார். நான் பையை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது ஆத்திரத்தில் அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தாள், நான் தலைவலி என்றேன்.

டீம் உடைந்தது. சட்டென்று உடையவில்லை. புதிய கோச் யாரையும் திட்டமாட்டான். தப்பு செய்தால், ஏன் இப்படி ஆயிற்று என்று எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்பான். கேட்டால் என்ன ஆகும்? ஒருத்தன் இன்னொருத்தனைக் கை காட்டினான். வேனில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவன் சொல்லவில்லை, அது அநாகரிகம் என்று நினைத்தான். நான் ஒருமுறை புளிசாதத்தோடு ஏறினேன். முன்பாதி கடலூர், பின்பாதி சிதம்பரம். நடுவில் இரண்டு வரிசை காலி. யாரும் யாரையும் போல நடித்துக் காட்டவில்லை. திண்டிவனம் போய்ச் சேருகிற வரைக்கும் வண்டிச் சத்தம்தான். அன்றைக்கு மேட்ச்சில் பந்து எந்த ஊர்க்காரன் கையிலிருந்து எந்த ஊர்க்காரன் கைக்குப் போகிறது என்று எனக்கே தெரிந்தது. தோற்றார்கள்.

என் வீட்டுக்காரர் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருப்பார். அவருக்கா தெரியாது? ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து பழைய மாதிரி கத்தியிருக்கிறார். கேப்டன் ஓடுவதை நிறுத்திவிட்டு, "சார், கோச் சொல்லட்டும் சார்," என்றானாம். இதை அவரே வந்து என்னிடம் சொன்னார்.

"அவன் சொன்னது கரெக்ட்டுதான்," என்றார். "ஆலோசகருன்னா கத்தக்கூடாது. கேட்டாத்தான் சொல்லணும்."

"கேட்டாங்களா?"

"கேப்பாங்க."

அதற்குப் பிறகு அவர் கத்தியதே இல்லை. தினமும் போய்க் கேட்பார்கள் என்று காத்திருந்துவிட்டு வருவார். சாப்பிடும்போது கையால் தட்டில் சோற்றை ஒதுக்கி, இவன் இங்கே நிற்க வேண்டும், அவன் அங்கே வர வேண்டும் என்று தானாகவே எதையோ அடுக்கிக்கொண்டிருப்பார். நான் பார்த்தால் கலைத்துவிட்டுச் சாப்பிடுவார். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கிளப் அவரைக் கேட்டு ஆள் அனுப்பியது. 'எனக்கு இங்கே பொறுப்பு இருக்கிறது' என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒன்றரை வருஷம் தாக்குப்பிடித்துவிட்டுப் புதிய கோச் கிளம்பிவிட்டான். போகிற அன்று சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்தான். இவர் கோர்ட்டில் இருந்தார். வாசலிலேயே நின்று, "மேடம், இவனுங்க என்னைய ஒருநாளும் வெறுத்ததில்ல. அவனுங்களுக்குள்ளதான் வெறுத்துக்குறானுங்க. எப்படி மாத்துறதுன்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியல," என்றான். கண் கலங்கியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. அவனுக்கும் ஒரு சால்வை போட்டிருந்தார்கள், கையில் மடித்து வைத்திருந்தான்.

2011 நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவரும் கேப்டனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆப்பிள், சாத்துக்குடி எல்லாம் கொண்டுவந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உள்ளே வந்து சட்டை மாற்றிக்கொண்டே, "ஆலோசன கேக்க வந்துருக்காங்க, பாத்தியா?" என்று என் காதில் சொன்னார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டு ரொம்பநாள் ஆகியிருந்தது.

தலைவர் சுற்றிவளைத்துப் பேசினார். டீம் தேறவில்லை என்றார், பையன்கள் பேசிக்கொள்வதே இல்லை என்றார். கடைசியில், "நடந்தது நடந்து போச்சு. எதையும் மனசுல வச்சுக்காதீங்க. நீங்க திரும்ப வந்துடணும்," என்றார்.

இவர் சிரித்த முகத்தோடேயே, "திரும்பன்னா?" என்றார்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும். பேசு, ஏதாவது பூசி மெழுகு, அதுதான் உனக்கு நன்றாக வருமே என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் அந்தச் சமயம் பார்த்துக் கேப்டனுக்கு உண்மை பேசத் தோன்றிவிட்டது. அவன் இவர் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"சார், உங்கள எடுத்தது தப்பு சார். நாங்க எல்லாருந்தான் சேந்து சொன்னோம், சார் வேணாம்னு. ரெண்டு ஊருப் பசங்களுந்தான். மன்னிச்சுக்குங்க சார்."

என் வீட்டுக்காரர் அவன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவங்களுக்கு டீ போடும்மா," என்றார். டீ வந்தது, குடித்தார்கள். அவர் வழக்கத்துக்கு மாறாக நன்றாகப் பேசினார், முந்திரி விலையெல்லாம் விசாரித்தார். 'வருகிறேன்' என்றும் சொல்லவில்லை, 'மாட்டேன்' என்றும் சொல்லவில்லை. வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் எங்கம்மா போயிருந்தேன்?" என்று கேட்டார். "தெனைக்கும் அங்கதான இருந்தேன்."

நான் டீ டம்ளர்களை எடுத்து அடுக்கினேன்.

"நீ அன்னைக்கே பஸ்ஸுல சொன்ன," என்றார்.

நான் சொன்னது சரியாகிப்போனதற்காக அன்று அழுதேன். என் வாழ்க்கையில் எத்தனையோ சண்டையில் அவரை ஜெயித்திருக்கிறேன். இதில் மட்டும் அவர் ஜெயித்திருக்கக்கூடாதா?

மறுநாள் அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. தலைவர் இரண்டு முறை ஆள் அனுப்பினார், பிறகு விட்டுவிட்டார். வருஷக் கடைசியில் வந்த புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரி மரமெல்லாம் வேரோடு போயிற்று. அதற்குமேல் கிளப்பை நினைக்க யாருக்கும் தெம்பில்லை. அவர் தினமும் போய்வந்த கோர்ட்டில் ஒரு கம்பம் போர்டோடு சாய்ந்து கிடந்ததை ஆபீஸ் போகிற வழியில் பார்த்தேன். வந்து சொன்னேன். "அப்படியா," என்றார். எந்தப் பக்கத்துக் கம்பம் என்றுகூடக் கேட்கவில்லை.

இன்றைக்கும் விடியற்காலையில் அவருக்குப் பழைய நேரத்துக்கே விழிப்பு வந்துவிடுகிறது. எனக்குத் தெரியக்கூடாது என்று அசையாமல் படுத்திருப்பார். கழுத்து விறைப்பாக இருக்கும். நானும் அவருக்குத் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். தெருவில் பால்காரர் மணி அடிக்கிற வரைக்கும் இருவரும் தூங்குவோம்.